முற்றத்தை மூடுமுன் மூன்று கேள்விகள்

திருவனந்தபுரத்தில் வீடு கட்டுகிறவர்கள் கடைசியாகச் செய்யும் காரியம் முற்றத்துக்குக் கல் பாவுவது. கிருகப்பிரவேசத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது, கையிலிருந்த பணம் வற்றிவிட்டது, இன்னும் பத்தே நாள் பாக்கி என்ற நெருக்கடியில்தான் பெரும்பாலும் இது நடக்கிறது. கடைக்குப் போனால் எந்த நிறம் வேண்டும் என்று கேட்கிறார்கள். சிவப்பா, சாம்பலா, மஞ்சளா என்று குடும்பத்தில் அரை நாள் விவாதம் நடக்கிறது. கல்லின் கனம் என்ன, அடியில் என்ன போடப்போகிறார்கள், மழைத் தண்ணீர் எங்கே போகும் என்ற மூன்று கேள்விகளை யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. இரண்டு இடவப்பாதி கழிந்தவுடன் கார் நிற்கும் இடத்தில் சக்கரத்துக்கு ஒன்றாகப் பள்ளம் விழுகிறது. பழி கல்லின் மேல் போகிறது. கல் பாவம், அது என்ன செய்யும்!

இது பணக்காரர்களின் கவலை என்று தள்ளிவிட முடியாது. இருபது வருஷம் வாடகை வீட்டில் இருந்து, பி.எப். பணத்தையும் வங்கிக் கடனையும் ஒன்று சேர்த்து நேமத்திலோ பாப்பனங்கோட்டிலோ நாலைந்து சென்ட் வாங்கி வீடு எழுப்பும் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். அவர்களுக்கு முற்றத்துக்கு ஒதுக்கும் தொகை சின்னத் தொகையல்ல. அதை இரண்டு தடவை செலவழிக்கும் சக்தியும் அவர்களுக்கு இல்லை.

முன்காலத்தில் இந்தப் பிரச்னையே கிடையாது. மலையாள வீடுகளின் முற்றம் மணலோ செம்மண்ணோ; காலையில் ஈர்க்குமாறு கொண்டு வரி வரியாகப் பெருக்கிவிடுவார்கள். நம்மவர்கள் சாணம் தெளித்துக் கோலம் போட்டார்கள். சற்று வசதியுள்ளவர்கள் சரளை கொட்டினார்கள். கார் வந்தது, ஸ்கூட்டர் வந்தது, செம்மண் சேறு வரவேற்பறை வரை வந்தது. வயதானவர்கள் வழுக்கி விழுந்தார்கள். ஆகவே பழைய முற்றத்துக்கே திரும்பிப் போங்கள் என்று யாருக்கும் உபதேசம் செய்ய முடியாது. எதனால் மூடுவது, எவ்வளவு மூடுவது என்பதே கேள்வி.

தாரை இரண்டு வரியில் முடித்துவிடலாம். சாலைக்கு அது சரி. வீட்டு முற்றம் போன்ற சின்ன இடத்துக்குக் கலவை லாரியும் ரோலரும் வரவழைத்தால் கட்டுப்படியாகாது. கையால் கொட்டித் தட்டினால் இறுகாது. தேங்கிய தண்ணீர் தாருக்குப் பரம எதிரி, வண்டியிலிருந்து சொட்டும் டீசலும் அப்படியே. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் பிளாஸ்டிக் கழிவைத் தாரில் சேர்த்துச் சாலை போடும் முறையைக் கண்டுபிடித்து 2018-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் அதுவும் சாலைக்கான சமாசாரம்.

கான்கிரீட்டின் கணக்கு

கான்கிரீட் தளத்துக்கு வருவோம். 500 சதுர அடி முற்றத்துக்கு 4 அங்குல கனத்தில் கான்கிரீட் போட்டால் 167 கன அடி, அதாவது 4.7 கன மீட்டர் பிடிக்கும். ஒன்று - ஒன்றரை - மூன்று என்ற கலவைக்குக் கன மீட்டருக்கு 8 மூட்டை சிமென்ட் என்று வைத்தால் 38 மூட்டை ஆகிறது. சிமென்ட் மீதான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவிகிதத்திலிருந்து 18 சதவிகிதமாகக் குறைக்கப்பட்டது. ஜல்லிக்கும் எம்-சாண்டுக்கும் லாரி தூரத்தைப் பொறுத்து விலை. இவற்றை அன்றைய விலையால் பெருக்கிப் பார்த்தால் பொருட்செலவு கிடைத்துவிடும். ரூபாய்க் கணக்கை அச்சிடுவதில் பிரயோசனமில்லை, பத்திரிகை பழசாவதற்குள் விலை பழசாகிவிடுகிறது.

நன்றாகப் போட்ட கான்கிரீட் ஒரு தலைமுறை நிற்கும். நன்றாகப் போடுவது என்றால் என்ன? அடியிலுள்ள மண்ணை நனைத்துத் திமிசு போட்டு இறுக்க வேண்டும். பத்து அடிக்கு ஒரு இடைவெளிக்கோடு விட வேண்டும். விடாவிட்டால் தளம் தானே தன் இஷ்டத்துக்குக் கோடு போட்டுக்கொள்ளும், அதைத்தான் விரிசல் என்கிறோம். சாதாரண சிமென்ட்டானால் குறைந்தது 7 நாள், இப்போது கடைகளில் அதிகம் கிடைக்கும் கலப்பு சிமென்ட்டானால் 10 நாள், தண்ணீர் கட்டி வைக்க வேண்டும். கிருகப்பிரவேச அவசரத்தில் மூன்றாம் நாளே பந்தல்காரனின் லாரி உள்ளே ஏறுகிறது. இந்நகரம் குன்றும் பள்ளமுமாக உள்ளது. பல வீடுகளில் கேட்டிலிருந்து வீட்டுக்குச் சரிவாகவே ஏற வேண்டியிருக்கிறது. அத்தகைய இடத்தில் கரண்டியால் வழவழவென்று தேய்த்துவிட்டால் மழையில் மனிதர் நிற்க முடியாது. ஈரம் காயுமுன் ஈர்க்குமாறால் குறுக்கே கோடு இழுத்துவிடும் கொத்தனாருக்கு ஒரு டீ அதிகமாக வாங்கிக் கொடுக்கலாம்.

கான்கிரீட்டின் பெரிய குறை, அதைத் திறக்க முடியாது என்பதே. அடியில் போகும் குடிநீர்க் குழாயில் கசிவு என்றால் உடைத்துத்தான் பார்க்க வேண்டும். பிறகு வைக்கும் ஒட்டு எந்தக் காலத்திலும் ஒட்டாகவே தெரியும்.

இன்டர்லாக் என்னும் மோகம்

கேரளத்தில் இன்று எந்தத் தெருவில் திரும்பினாலும் கண்ணில் படுவது இன்டர்லாக் கல்தான். வீட்டு முற்றம், கோயில் வாசல், பள்ளிக்கூடம், இடவழி, எங்கும் அதுவே. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஹாலந்தில் செங்கல்லுக்குப் பதிலாகப் பரவிய சிமென்ட் கல் இது. உண்மையில் அருமையான ஏற்பாடு. ஒவ்வொரு கல்லும் தனித்தனி என்பதால் விரிசல் பயமில்லை. குழாய் பழுதானால் பத்துக் கல்லைப் பெயர்த்து வேலை முடிந்தபின் அதே கல்லை அதே இடத்தில் வைக்கலாம். போட்ட மறுநாளே வண்டி ஏற்றலாம்.

ஆனால் எந்தக் கல்? இதற்கென இந்தியத் தர நிர்ணயம் ஒன்று இருக்கிறது. ஐ.எஸ். 15658 என்பது அதன் எண். 2006-ல் வந்தது, 2021-ல் திருத்தப்பட்டது. மனிதர் நடக்க மட்டும் 50 மி.மீ. கனம், கார் போன்ற இலேசான வண்டிகள் ஏறும் இடத்துக்கு 60 மி.மீ., அதற்கும் மேற்பட்ட போக்குவரத்துக்கு 80 மி.மீ. என்று அது வகுத்தது. பத்து மி.மீ. வித்தியாசத்தில் என்ன வந்துவிடும் என்று நினைத்து 50 மி.மீ. கல்லை வாங்கிக் கார் ஏற்றுவது, நடைவண்டியில் நெல் மூட்டை ஏற்றுவது போன்றது.

செய்யும் விதத்திலும் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, யந்திரத்தில் அழுத்தி எடுப்பது. பார்க்கச் சொரசொரப்பாக, அழகு குறைவாக இருக்கும். மற்றது, ரப்பர் அல்லது பிளாஸ்டிக் அச்சில் ஊற்றி மேஜைமேல் அதிரவைத்து எடுப்பது, கண்ணாடிபோல் பளபளக்கும். அந்தப் பளபளப்பைப் பார்த்துத்தான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். முதல் மழையில் வழுக்குவதும், சில வருஷங்களில் மேல்தோல் தேய்ந்து சாயம் போவதும் இந்த வகையே. வாங்குமுன் வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. நன்கு காய்ந்த கல் ஒன்றைத் தராசில் நிறுத்து, ஒரு பகலும் ஒரு இரவும் தண்ணீரில் போட்டு வைத்து, ஈரத்தைத் துடைத்துவிட்டு மறுபடி நிறுக்க வேண்டும். தர நிர்ணயப்படி கல் குடிக்கும் தண்ணீர் சராசரி 6 சதவிகிதத்துக்கு மேல் போகக்கூடாது. 20-க்கு 10 செ.மீ. அளவும் 60 மி.மீ. கனமும் உள்ள கல் சுமார் 2.9 கிலோ இருக்கும். அது கால் கிலோ தண்ணீர் குடித்ததென்றால் கடைக்காரருக்கு வணக்கம் சொல்லிவிட்டு வேறு கடை பார்ப்பது நல்லது. இது பரிசோதனைச்சாலைக்கு ஈடாகாது, எனினும் நிறத்தைப் பார்த்து வாங்குவதைவிட மேல்.

கல்லைவிட முக்கியம் அடித்தளம். நியாயப்படி மண்ணைத் தோண்டி இறுக்கி, அதன்மேல் ஜல்லியும் கல்தூளும் கலந்து 4 முதல் 6 அங்குலம் போட்டு அதிர்வு யந்திரத்தால் அமுக்கி, அதற்கு மேல் ஓரங்குலம் அல்லது ஒன்றரை அங்குலம் மணல் பரப்பிக் கல்லை வைக்க வேண்டும். நாலு ஓரமும் கான்கிரீட் கட்டு போட வேண்டும். ஓரக்கட்டு இல்லாவிட்டால் கல் வரிசைகள் சக்கரத்துக்குப் பயந்து நகர்ந்து நகர்ந்து வேலியோரம் போய் நிற்கும். வரிசை மீன்முள் போல் குறுக்கும் நெடுக்குமாக அமைந்தால் வண்டி திரும்பும்போது கல் அசையாது. இவ்வளவும் மண்ணுக்கு அடியில் போய்விடுவதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆகவே சதுர அடி விலையைக் குறைத்துச் சொல்லும் குத்தகைக்காரர் முதலில் கை வைப்பதும் இதில்தான். இரண்டு பேர் இரண்டு விலை சொன்னால், வித்தியாசம் பெரும்பாலும் கல்லில் இல்லை, அடியில் இருக்கிறது. அடித்தளத்தின் கனத்தை எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும், கல் அடுக்குமுன் ஒரு குச்சியைக் குத்தி அளந்தும் பார்க்க வேண்டும்.

எடைக் கணக்கும் மறக்கக்கூடாது. 500 சதுர அடிக்கு மேற்சொன்ன அளவுக் கல் சுமார் 2,300 வேண்டும். மொத்தம் ஆறரை டன்னுக்கு மேல். களியக்காவிளைக்கு அப்பால் குமரி மாவட்டத்தில் கல் மலிவு என்று லாரி பிடித்துவிட்டு, இங்கே இறக்குகூலியைக் கேட்டதும் தலையில் கை வைப்பவர்கள் உண்டு. வேலை செய்யாமல் வாங்கும் நோக்குகூலியைக் கேரள அரசு 2018 மே 1 முதல் ஒழித்தது. ஆறரை டன்னை முதுகில் சுமந்து இறக்குகிறவனுக்கு உரிய கூலி தருவது வேறு, அது நியாயம். அதை முன்கூட்டியே பேசி, கல்லின் விலையோடு சேர்த்துக் கணக்கிடாதது வாங்குகிறவரின் குற்றம்.

பிற கற்கள்

தெலங்கானாவின் தாண்டூர் கல், ஆந்திரத்தின் கடப்பைக் கல் ஆகியவற்றுக்கும் இங்கே கிராக்கி இருக்கிறது. இரண்டும் சுண்ணாம்புக்கல் வகை. கடினமானவை, பார்க்கவும் லட்சணம். இந்த ஊர் மழைக்கு மேலே பாசி படியும். பாசியைப் போக்க ஆசிட் ஊற்றினால் பாசியோடு கல்லும் கரையும். கம்பித் தூரிகையும் பொறுமையும்தான் இதற்கு மருந்து. கருங்கல் பலகை எல்லாவற்றிலும் நீடிக்கும் என்பதற்கு ஸ்ரீபத்மநாபசுவாமி கோயிலைச் சுற்றி வருகிறவர்களுக்கு அத்தாட்சி தேவையில்லை. முதல் செலவு அதிகம். ஒரு அனுகூலம், வீட்டையே இடித்தாலும் கல்லை எடுத்து விற்கலாம். வெட்டுகல் பலகைகள் வீட்டு அழகுக்குப் பொருத்தமானவை. நடைபாதைக்குச் சரி, டயர் தினமும் ஏறினால் தேயும். சரளையோ பேபி ஜல்லியோ கொட்டுவது எல்லாவற்றிலும் மலிவு, தண்ணீரையும் மண்ணுக்குள் விடும். வருஷத்துக்கு ஒரு தடவை நிரவ வேண்டும், சரிவில் நிற்காது.

இந்த ஊருக்கே உரிய ஒரு சங்கதி பொங்காலை. கும்ப மாதத்தில் ஆற்றுகால் அம்மனுக்கு லட்சோப லட்சம் பெண்கள் தெருவிலும் வீட்டு முற்றங்களிலும் செங்கல் அடுப்பு மூட்டுகிறார்கள். உள்ளே ஈரம் குடித்த சிமென்ட் கல்மேல் நேராகத் தீ மூட்டினால் மேல்தோல் தெறித்துப் பெயரும், கரி போகவே போகாது. அலங்காரக் கல் பதித்த நடைபாதைகளில் அடுப்பு வைக்கக்கூடாது என்று அண்மை ஆண்டுகளில் அதிகாரிகள் கேட்டுக்கொள்வதும் இதனால்தான். முற்றத்தில் ஒரு மூலையை மண்ணாகவே விட்டுவைப்பது உத்தமம். இயலாதவர்கள் இரண்டங்குலம் மணல் கொட்டி அதன்மேல் செங்கல் வைக்கலாம். கரமனை, வலியசாலை அக்ரகாரத்து மாமிகளுக்கு வேறொரு மனக்குறை உண்டு: இன்டர்லாக் கல்லின் இடுக்குகளில் இழைக்கோலம் ஓடாது. கேட்டருகே நாலுக்கு நாலு அடியில் ஒரே கருங்கல் பலகை போட்டால் மார்கழிக்கு அது போதும்.

தண்ணீர் எங்கே போகும்?

மூன்றாவது கேள்விதான் மிகப் பெரியது. இந்நகரில் ஆண்டுக்குச் சுமார் 1,800 மி.மீ. மழை பெய்கிறது. 500 சதுர அடி முற்றத்தின்மேல் விழும் தண்ணீர் மட்டும் வருஷத்துக்கு 80,000 லிட்டருக்கு மேல். 50 மி.மீ. பெய்யும் ஒரே மழையில் 2,300 லிட்டர். மண் முற்றமாக இருந்தபோது இதில் நல்ல பங்கு நிலத்துக்குள் இறங்கி, பத்தடி தள்ளியிருக்கும் கிணற்றுக்குப் போய்ச் சேர்ந்தது. இப்போது கேட் வழியாகத் தெருவுக்கு, தெருவிலிருந்து ஓடைக்கு, ஓடையிலிருந்து ஆமயிழஞ்சான் தோட்டுக்கு. இன்டர்லாக் கல்லின் இடுக்கு வழியே தண்ணீர் இறங்கும் என்று விற்பவர்கள் சொல்வது முதல் வருஷத்துக்கு ஓரளவு உண்மை. பிறகு வண்டல் அடைத்துக்கொள்கிறது. அடியில் கான்கிரீட் போட்டு இடுக்கில் சிமென்ட் பூசிவிட்டால் அந்த ஓரளவும் இல்லை.

தம்பானூரும் கிழக்கேகோட்டையும் மழைக்கு முழங்கால் தண்ணீரில் நிற்பதைத் தடுக்க 2015-ல் 'ஆபரேஷன் அனந்தா' என்ற பெயரில் கால்வாய்களை மீட்கும் பணி நடந்தது. அதன் பிறகும் 2023 அக்டோபர் நடுவில் ஓர் இரவு மழையில் நகரின் பல பகுதிகள் மூழ்கின. 2024 ஜூலையில் ரயில் நிலையத்துக்கு அடியில் ஓடும் ஆமயிழஞ்சான் தோட்டில் குப்பை அகற்ற இறங்கிய ஒரு தொழிலாளி பிணமாகத்தான் கிடைத்தார். குப்பைதான் அங்கே முதல் காரணம்; அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒவ்வொரு வீடும் தன் முற்றத்துத் தண்ணீரை அதே தோட்டுக்குத் தள்ளிவிட்டு மாநகராட்சியை மட்டும் திட்டுவது எந்த ஊர் நியாயம்?

அதே 2024-ம் ஆண்டு செப்டம்பரில், நாகர்கோவில் ரயில் பாதை இரட்டிப்புக்காகக் குடிநீர்க் குழாயை மாற்றும் வேலை நீண்டுபோய், நகரின் பெரும்பகுதிக்கு நாலைந்து நாள் குழாயில் தண்ணீர் வரவில்லை. பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விட வேண்டியதாயிற்று. அந்த நாலைந்து நாளும் கிணறு வைத்திருந்த வீடுகளின் மதிப்பை அக்கம்பக்கத்தார் நன்கு உணர்ந்தார்கள். கிணற்றை வலைபோட்டு மூடி, சுற்றிலும் கல் பாவி, அதற்கு ஒரு சொட்டு மழையும் சேராமல் செய்துவிட்டு, மேடமாதத்தில் வாளி அடியில் இடிக்கிறதே என்று வருந்துவதில் அர்த்தமில்லை.

தமிழ்நாட்டில் 2003-ல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. கேரளத்திலும் 2004-ல் நகராட்சிக் கட்டிட விதிகளில் அது சேர்க்கப்பட்டது. திருச்சூர் மாவட்டத்தில் 'மழைப்பொலிமா' என்ற திட்டத்தின்கீழ் கூரைத் தண்ணீரை வடிகட்டிக் கிணற்றுக்கு விட்டுப் பலன் கண்டிருக்கிறார்கள். கூரையைப் பற்றி இவ்வளவு யோசித்தவர்கள் முற்றத்தை மட்டும் வீட்டுக்காரர் இஷ்டத்துக்கு விட்டுவிடுவது விசித்திரம். இங்கிலாந்தில் 2008 அக்டோபர் முதல், வீட்டு முன்புறத்தில் 5 சதுர மீட்டருக்கு மேல் தண்ணீர் இறங்காத பொருளால் மூடி, அந்தத் தண்ணீரைத் தெருவுக்கு விடுவதானால் அனுமதி வாங்க வேண்டும் என்று விதி செய்தார்கள். இந்தக் கல்லைப் பரப்பிய ஹாலந்திலேயே, முற்றத்துக் கல்லைப் பெயர்த்தெடுத்துச் செடி வைப்பதில் நகரங்களுக்கிடையே ஆண்டுதோறும் போட்டி நடத்துகிறார்கள்! அவர்கள் பெயர்க்கும்போது நாம் பாவிக்கொண்டிருக்கிறோம். வீட்டுப் பிளானுக்கு அனுமதி தரும்போதே முற்றத்தில் பாதியாவது மண்ணாகவோ சரளையாகவோ விடப்பட்டிருக்கிறதா என்று மாநகராட்சி கேட்க வேண்டும். கேட்டால் எதிர்ப்பு வரும், வந்தால் வரட்டும்.

விதி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. காருக்கு வேண்டியது இரண்டு சக்கரத்தடம் மட்டுமே. இரண்டடி அகலத்தில் இரண்டு பட்டை, நடுவே இரண்டரை அடி இடைவெளி. முப்பதடி நீளத்துக்கு இரண்டும் சேர்ந்து 120 சதுர அடிதான். 500 சதுர அடிக்கு ஆகும் கல்லில் நாலில் ஒரு பங்கு, எடை 1.6 டன். மிச்சப் பணத்தில் 60 மி.மீ. யந்திரக் கல்லோ கருங்கல்லோ வாங்கலாம், அடித்தளத்தையும் முழு கனத்தில் போடலாம். நடுவிலும் ஓரத்திலும் சரளையோ புல்லோ. வாசற்படிக்கு ஒரு நடைபாதை, வயதானவர்கள் இருக்கும் வீட்டில் அதற்குப் பிடி. கொஞ்சம் புல் வெட்ட வேண்டியிருக்கும், மழைக்காலத்தில் அட்டை வரும் என்று சிலர் மறுக்கிறார்கள். புல்லுக்குப் பதில் சரளை போட்டால் அந்தக் குறையும் தீரும். முற்றம் முழுவதும் மூடித்தான் ஆக வேண்டும் என்பவர்கள், சரிவைக் கேட்டுப் பக்கம் விடாமல் ஒரு பக்கமாகத் திருப்பி, அங்கே ஜல்லி நிரப்பிய குழி ஒன்று வெட்டித் தண்ணீரை அதில் இறக்கலாம். அதுவும் கூடாதென்றால் குடையைத் தயாராக வைத்துக்கொண்டு தம்பானூரில் இறங்க வேண்டியதுதான்.

வேலைக்கு ஏற்ற காலம் துலாவர்ஷம் ஓய்ந்த பிறகு, டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை. மண் காய்ந்திருக்கும், கான்கிரீட்டுக்குக் கட்டக் கிணற்றில் தண்ணீரும் இருக்கும். மே மாதக் கடைசியில் தொடங்கினால் அடித்தளம் இறுகுமுன் மழை பிடித்துக்கொள்ளும். குத்தகைக்காரர்களுக்கும் அப்போதுதான் நாலு வீட்டில் ஒரே சமயம் வேலை. பொங்காலைக்குமுன் முடிக்க நினைப்பவர்கள் தனு மாதத்திலேயே அடித்தளத்தைப் போட்டு, இரண்டு வாரம் வண்டி ஏற்றி இறக்கி, எங்கே தாழ்கிறது என்று பார்த்து நிரவிவிட்டு, அதன்பின் கல்லுக்குச் சொல்லலாம். நிறத்தை அப்போது பேசிக்கொள்ளலாம்.